திரிபுரசுந்தரி அக்காவின் கிணற்று வழக்கு

ஊர்காவற்றுறைக் கோட்டில் திரிபுரசுந்தரி அக்காவுக்கு எதிராக வழக்குப் பேச நான் எழுந்து நிற்காத மாதம் அபூர்வம். ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இருந்தே எங்கள் இருவருக்கும் தலை நரைத்தது. பணம் கட்டக்கூடியவர்கள் என்னிடம் வருவார்கள். கட்ட முடியாதவர்களை, அதிலும் மறியலில், அதாவது சிறையில், இருப்பவர்களை, நீதிபதியோ சட்ட உதவிக்காரரோ அவருடைய தலையில் கட்டிவிடுவார்கள். ஊரில் அவருக்கு 'ஓசி அப்புக்காத்து', அதாவது காசு வாங்காத வக்கீல், என்று பெயர். அவருக்கும் அது தெரியும். கேட்டால், "ஓசியெண்டாலும் அப்புக்காத்து எண்டு சொல்லுறாங்கள்தானே" என்பார்.

அவர் நயினாதீவுக் குருக்கள் வீட்டுப் பிள்ளை. தகப்பனுக்குப் பிறகு தம்பி ஐங்கரன் கோயிற் பூசையைப் பார்க்கிறார். அக்கா கல்யாணம் செய்யாமல் அதே வீட்டில் இருந்து கோட்டுக்கு வந்து போகிறார். வந்து போகிறார் என்று நான் லேசாகச் சொல்லிவிட்டேன். விடியப் படகு ஏறிக் குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்துப் புங்குடுதீவைக் கடந்து, பாலம் தாண்டி, வேலணையில் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து நின்று வரவேண்டும். கறுப்புக் கோட்டைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்துவிடுவார். வெள்ளைச் சேலையை என்ன செய்வது? படகில் அடித்த தண்ணீர் காய்ந்து கரையில் உப்புப் பூத்திருக்கும். அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே கதிரையில் அமர்ந்து, "அலுப்பாக் கிடக்கு தம்பி" என்பார். இத்தனை வருடத்தில் காலையில் அவர் வாயிலிருந்து வேறு வணக்கம் நான் கேட்டதில்லை.

மறியற்காரருக்காகக் காணி வழக்குப் பேசுவது தனி அலுப்பு. கட்சிக்காரனைப் பார்க்கச் சிறைவாசலில் காத்திருக்க வேண்டும். ஒரு கையெழுத்து வாங்க ஒரு பகல் போய்விடும். உள்ளே இருப்பவனுக்கு வேறு யோசனை இல்லை, வழக்கையே புரட்டிப் புரட்டி யோசித்து, இவர் களைத்துப்போய் வந்து நிற்கும்போது குறுக்குக் கேள்வி கேட்பான். ஒருவன் இவரிடமே, "உண்மையான லோயர் எப்ப வருவார்?" என்று கேட்டிருக்கிறான். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

கதிர்காமுவின் வழக்கு அவருக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். கதிர்காமு புங்குடுதீவுக்காரன். கோயில் திருவிழாவில் நடந்த அடிபிடியில் ஒரு மனிதர் செத்துப்போக, ஆயுள் தண்டனை பெற்றுத் தெற்கே தூரத்துச் சிறையில் இருந்தான். அது முடிந்துபோன வழக்கு. அதைப்பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் பேசப்போவதில்லை. அவன் உள்ளே போன பிறகு, அவனுடைய பெரியப்பாவின் மகன் விஸ்வலிங்கம், இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணற்றுக்குப் போகும் பாதையின் குறுக்கே வேலிக் கதியால் நட்டு ஓலை அடைத்துவிட்டார். பாட்டன் வெட்டிய கிணறு. 'கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்கு' என்று காணி உறுதிப் பத்திரத்தில் இருக்கிறது. தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் அது பொன். கதிர்காமுவின் மனைவி சீதேவி காலில் வீக்கத்தோடு தனியாக இருப்பவர். தான் சாவதற்குள் அவருக்கு அந்தத் தண்ணீருக்குப் போக வழி வேண்டும் என்று கதிர்காமு சிறையிலிருந்து கோட்டுக்குக் கடிதம் போட்டான்.

நீதிபதி கடிதத்தை வாசித்துவிட்டு நிமிர்ந்து, "இவருக்காக யார் தோன்றுவது?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து எங்கள் எல்லோருக்கும் எங்களுடைய கோப்புகளில் மிக முக்கியமான ஏதோ ஒன்று தென்பட்டது. அக்கா சேலைக் கரையில் உப்புச் சுரண்டிக்கொண்டிருந்தார். கோப்புக்குள் தலையை விட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. சட்ட உதவிப் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. நீதிபதி அவர் பெயரைச் சொல்ல, அவர் எழுந்து தலையாட்டினார். அடுத்த வாரம் விஸ்வலிங்கம் என்னிடம் வந்தார். இப்படித்தான் நாங்கள் அந்தக் கிணற்றுக்குள் விழுந்தோம்.

கோட்டில் கூப்பிட்ட முதல் தவணை நாளிலேயே அக்கா கதிர்காமுவுக்கு நல்ல புத்தி சொன்னார்.

"சீதேவியின்ர பேரில அற்றோணி எழுதிக் குடும். அவ வந்து நிண்டு வழக்கைப் பாக்கட்டும். உம்மை ஒவ்வொரு தவணைக்கும் அவ்வளவு தூரத்திலயிருந்து கொண்டுவரத் தேவையில்லை."

"அது ஏலாது அம்மா" என்றான் கதிர்காமு. "என்ர கிணறு. நான்தான் வந்து நிக்கோணும்."

அதனால் ஒவ்வொரு தவணைக்கும் அவனைத் தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து தீவுக்கும் காவலரோடு கொண்டுவந்தார்கள். கை விலங்கோடு அவன் பஸ்ஸை விட்டு இறங்கும்போது சீதேவி கோட்டு வாசல் வேம்பின் கீழ் நிற்பார். சிறைக்குப் போய்ப் பார்க்க அவருடைய கால் விடாது. கூட்டிப்போகவும் ஆளில்லை. ஆகவே அந்த மனுஷனும் மனுஷியும் ஒருவரை ஒருவர் காண்பது தவணை நாட்களில் மட்டும்தான். சீதேவி சோற்றுப் பொதி கட்டி வருவார். காவலருக்கும் சேர்த்துத்தான் கட்டுவார், அதனால் அவர்களும் கொஞ்ச நேரம் கண்டும் காணாமல் இருப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் இருவரும் என்ன கதைக்கிறார்கள் என்று நான் ஒருமுறை காது கொடுத்தேன். பக்கத்தில்தான் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணிக்கு என்ன செய்யிறாய்?"

"சமாளிக்கிறன்."

"இன்னும் கொஞ்ச நாள். லோயர் அம்மா எடுத்துத் தருவா."

"ஓம். சாப்பிடுங்கோ."

அடுத்த தவணையிலும் இதே கதைதான். அதற்கு அடுத்ததிலும் இதுதான்.

காணி வழக்குக்குச் சாவு இல்லை என்பார்கள். இந்த வழக்குக்கும் ஆயுள் கெட்டி. நில அளவையாளர் வந்து கிணற்றின் வாயை அளந்தார், கட்டின் உயரத்தை அளந்தார், பாதையோரப் பனைகளை எண்ணினார். அந்த வரைபடத்தில் பிழை என்று நான் ஆட்சேபித்தேன். என் தொழில் அது. நீதிபதி மாறினார். கொரோனா வந்தது. பிறகு எண்ணெய்க்கு வரிசை வந்து, சிறை பஸ்ஸுக்கு டீசல் இல்லை என்று தவணை தள்ளிப்போனது. சீதேவி அன்றைக்கும் சோற்றுப் பொதியோடு வேம்பின் கீழ் நின்று, பஸ் வராது என்று தெரிந்த பிறகு அதை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதை எனக்கும் பகிர்ந்தார். எதிராளியின் சட்டத்தரணி வழக்காளியின் சோற்றைத் தின்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது.

இதற்கிடையில் அக்காவின் முழங்கால் போய்விட்டது. படகிலிருந்து இறங்குதுறைக்குக் கால் வைக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அலுப்பு என்பது முன்பு அவர் வாயில் மட்டும் இருந்தது. இப்போது நடையிலும் வந்துவிட்டது.

"இந்தக் கிணத்தை முடிச்சுப்போட்டு, பட்டியல்ல இருந்து என்ர பேரை வெட்டச் சொல்லப் போறன் தம்பி" என்றார் ஒருநாள். "ஒரு மாரிக்காவது கடலைப் பாக்காமல் படுத்திருக்கோணும்."

"நீங்கள் போனால் நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?"

"நீர் காசுக்குத்தானே சண்டை பிடிக்கிறீர். ஆரோடயும் பிடிக்கலாம்" என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் சுட்டது.

போன வருடம் ஒரு நாள் விஸ்வலிங்கம் சரவணையிலுள்ள என் வீட்டுக்கு வந்தார். அவருடைய பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அவரையும் வரச்சொல்லி நெருக்குகிறார்கள். கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமலே சொன்னார்.

"எங்கட வைரவர் கோயில்ல அவன் சத்தியம் பண்ணட்டும் சேர். அது பாட்டன் காலத்துப் பாதை எண்டு கற்பூரத்தை அணைச்சுச் சொல்லட்டும். நான் விட்டுடுறன்."

எங்கள் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. மற்றத் தரப்பின் சத்தியத்துக்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒரு தரப்பு கோட்டில் சொன்னால், சத்தியம் முடிந்தவுடன் வழக்கும் முடிந்தது. அது பாட்டன் காலத்துப் பாதை என்று விஸ்வலிங்கத்துக்கும் தெரியும், கதிர்காமுவுக்கும் தெரியும், வைரவருக்கும் தெரியும். கதிர்காமு பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. சொந்தக்காரனிடம் தோற்காமல் சாமியிடம் தோற்கிறேன் என்கிறார் மனுஷன். தோற்பதற்கும் ஒரு மரியாதையான வழி வேண்டும்தானே.

அதை நான் கோட்டில் சொன்னபோது அக்காவின் முகம் தெளிந்தது. நீதிபதி கதிர்காமுவைப் பார்த்து, சம்மதமா என்று கேட்டார். கதிர்காமு திரும்பிப் பின் வரிசை வாங்கிலில் இருந்த சீதேவியைப் பார்த்தான். அவர் சேலைத் தலைப்பை மடித்துக்கொண்டு கீழே பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவன் "ஓம்" என்றான். வென்றவன் முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்குச் சின்னதாக ஒரு யோசனை வந்தது. வந்த யோசனையை விட்டுவிட்டேன். எனக்கு அடுத்த வழக்கு இருந்தது.

நாள் குறிப்பதற்கு முன் அக்கா முறைப்படி அவனிடம் கேட்டார், குருக்கள் வீட்டுப் பிள்ளையல்லவா. "கோயிலுக்குள்ள போகோணும். துடக்கு ஏதும் உண்டோ? சொந்தத்தில சாவு, பிறப்பு?"

"இல்லை அம்மா."

சத்தியத்தன்று பதிவாளர், நாங்கள் இரண்டு சட்டத்தரணிகள், கதிர்காமு, இரண்டு காவலர் எல்லோரும் புங்குடுதீவில் இறங்கினோம். சின்னக் கோயில். வெயில் நெருப்பாக எரிந்தது. கோயிலுக்குப் பின்னால் பனைகள், பனைகளுக்கு நடுவே அந்த ஓலை வேலி, வேலிக்கு அப்பால் கிணற்றின் துலா தெரிந்தது. இத்தனை வருடம் காகிதத்தில் மட்டும் பார்த்த கிணறு. கதிர்காமு சீதேவி கொண்டுவந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, விலங்கைக் கழற்றிய கையைத் தடவிக்கொண்டு, அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஐயர் கற்பூரத் தட்டோடு வெளியே வந்தார். விஸ்வலிங்கம் மதிலுக்கு வெளியே நிற்பதைக் கண்டார்.

"ஏன் உள்ள வரேல்லை?"

"எனக்குத் துடக்கு ஐயா. பெரியண்ணை கனடாவில மோசம் போயிட்டார். இன்னும் முப்பத்தொண்டாம் நாள் கழியேல்லை."

ஐயர் தட்டைக் கீழே வைத்தார். "அப்ப இவருக்கு?"

எல்லோரும் கதிர்காமுவைப் பார்த்தோம். செத்தவர் விஸ்வலிங்கத்தின் கூடப்பிறந்த அண்ணன் என்றால், கதிர்காமுவுக்கும் பெரியப்பாவின் மகன். அதே துடக்குத்தான். சத்தியத்தைக் கேட்டவர் துடக்கென்று மதிலுக்கு வெளியே நிற்கிறார், அதே துடக்குக்காரனை உள்ளே விட்டுக் கற்பூரம் அணைக்கச் சொல்கிறார்.

"மறியல்ல இருக்கிறவனுக்கு என்ன துடக்கு எண்டு நினைச்சுப்போட்டன்" என்றார் விஸ்வலிங்கம். உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். கூனிக் குறுகி நின்றார்.

கதிர்காமு கோயில் முற்றத்து வேம்பின் வேரில் இருந்துவிட்டான். "பெரியண்ணையோ?" என்றான். "ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

அக்கா சீதேவியின் பக்கம் திரும்பினார். அவரும் மதிலுக்கு வெளியேதான் நின்றார். "உமக்குத் தெரியாதே சீதேவி?"

"தெரியும் அம்மா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் அவரைத்தானே கேட்டனீங்கள். என்னைக் கேக்கேல்லையே."

காவலர் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். பதிவாளர் கோப்பைக் கட்டத் தொடங்கினார். ஒரு நாள் வீணாகிப்போனது, அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். அப்போது கதிர்காமு தலையை நிமிர்த்தி, "ஒரு வாய் தண்ணி தாங்கோ" என்றான்.

சீதேவி பையிலிருந்து போத்தலை எடுத்தார். அவன் கையை ஆட்டி மறுத்தான்.

"எங்கட கிணத்துத் தண்ணி."

"வேண்டாம். இதைக் குடியுங்கோ" என்றார் சீதேவி. போத்தலை அவன் கையில் வைக்கப் பார்த்தார். விஸ்வலிங்கமும், "அது இப்ப..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். கதிர்காமு அவரையே பார்த்தான். உள்ளே போன பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். விஸ்வலிங்கம் தன் வளவுப் பக்கத்தால் சுற்றிப் போனார். துலா தாழ்ந்து எழும்புவது வேலிக்கு மேலால் தெரிந்தது. செம்பு நிறையத் தண்ணீரோடு வந்து தன் கையாலேயே கொடுத்தார்.

கதிர்காமு அண்ணாந்து ஒரு வாய் குடித்தான். குடித்தவன் அதை உடனே விழுங்கவில்லை. கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்து பிறகுதான் விழுங்கினான். பக்கத்தில் நின்ற காவலருக்கும் தாகம். செம்புக்குக் கை நீட்டினார். கதிர்காமு கொடுக்கத் தயங்க, அவர் வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு அப்படியே நிலத்தில் துப்பினார்.

"லுணு" என்றார் சிங்களத்தில். உப்பு.

"எப்பவோ உவரடிச்சுப் போச்சு" என்றார் விஸ்வலிங்கம் மெதுவாக. "ஊருக்கெல்லாம் தெரியும். நாங்கள் எல்லாரும் பவுசர் லொறியில வாற தண்ணிதான் குடிக்கிறது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிணற்றின் வாயை அளந்தோம், பனையை எண்ணினோம், அளந்த அளவைப் பிழை என்று வாதாடினோம். எங்களில் ஒருவனாவது அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தோமா? "அப்ப எதுக்கு இவ்வளவு காலமும் வழக்காடினனீங்கள்?" என்று என் கட்சிக்காரரையே கேட்டேன்.

"நான் தண்ணிக்கு வழக்காடேல்லை சேர். வழிக்குத்தான்."

அவருக்கு அது போதுமான பதில். சீதேவியிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கத் தேவையிருக்கவில்லை. கிணறு உவரானதை அவர் அவனுக்குச் சொல்லியிருந்தால் வழக்கு எப்போதோ முடிந்திருக்கும். வழக்கு முடிந்திருந்தால் தவணை இல்லை. தவணை இல்லையென்றால் வேம்பின் கீழ் சோற்றுப் பொதியும் இல்லை. துடக்கைச் சொல்லியிருந்தால் அன்றைய பயணமும் இல்லை. பவுசர் தண்ணீரில் சமைத்த சோற்றைக் கொடுத்துக்கொண்டு, 'சமாளிக்கிறன்' என்று அந்த மனுஷி இத்தனை வருடம் சொல்லியிருக்கிறார். நான் மூக்கைத் துடைத்தேன்.

கதிர்காமு மனைவியைப் பார்த்தான். பிறகு காவலரிடமிருந்து செம்பைத் திரும்ப வாங்கி, மிச்சத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான்.

"துடக்குக் கழிச்சு, அடுத்த தவணை எப்ப அம்மா?"

அக்கா ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். 'உவர்க் கிணற்றுக்கு வழி எதற்கு, வழக்கை மீளப் பெறுகிறோம்' என்று பதிவாளரிடம் அந்த இடத்திலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கே அவருக்கு விடுதலை. படகில்லாத மாரி அவருக்கு அவ்வளவு கிட்டத்தில் வந்து நின்றது. அவர் கதிர்காமுவைப் பார்த்தார், சீதேவியின் வீங்கிய காலைப் பார்த்தார். பொலித்தீன் பையை அவிழ்த்து டயறியை எடுத்தார்.

"முப்பத்தொண்டு கழிய ஒரு நாள் எடுத்துத் தாறன்" என்றார்.

திரும்பி வரும்போது பாலத்தில் நான் கேட்டேன். "பேரை வெட்டுற கதை என்ன மாதிரி அக்கா?"

"வெட்டலாம். இது முடியட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் விஸ்வலிங்கத்தைப் பார்க்க ஒருமுறை போனேன். வேலியில் ஓர் ஆள் புகுந்து போகிற அளவுக்கு ஓலையை எடுத்துவிட்டிருந்தார். அந்த வழியால் ஒருவரும் நடக்காததால் புல் முளைத்திருந்தது.

மாரி தொடங்கிவிட்டது. கடல் கொந்தளிப்பில் படகு பிந்தி, இன்று காலை அக்கா முழுக்க நனைந்து வந்தார். "அலுப்பாக் கிடக்கு தம்பி" என்றார். கதிர்காமுவின் வழக்கைக் கூப்பிட்டார்கள். சத்தியத்துக்கு நாள் குறிக்கலாமா என்று நீதிபதி கேட்டார். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வழக்காளி தரப்பு ஆயத்தமில்லை, இன்னொரு தவணை வேண்டும் என்றார்.

நீதிபதி என்னைப் பார்த்தார். பின் வாங்கிலில் சீதேவி சோற்றுப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

எனக்கு ஆட்சேபனை இல்லை என்றேன்.